மயில்கொன்றைக் காய்களைச் சிறைபிடித்த படலம்

பூமிக்கு மேலே இத்தனை இடம் கிடக்க, மேலே நடக்கும் பேச்சுகளைக் கேட்கப் பொறுக்காமல் படியிறங்கிப் பள்ளத்தில் போய் அமர்ந்துகொண்ட ஆழத்துப் பிள்ளையாரே, முதல் வணக்கம் உமக்கு. ஓடுகிற மாதங்களில் ஓடியும் ஓடாத மாதங்களில் மணலாய்க் கிடந்தும் விருத்தாசலத்து மக்களைச் சகித்துக்கொண்டிருக்கும் மணிமுத்தாற்றுத் தாயே, அடுத்த வணக்கம் உமக்கு. ஆயிரத்து இருநூறு டிகிரியில் மண்ணை வேகவைத்துக் கல்லாக்கும் அக்கினி பகவானே, உம் தயவில்தான் இங்கே பாதிப் பேர் வீட்டில் அடுப்பெரிகிறது. ஆகையால் உமக்கு இரண்டு வணக்கம். மூவரும் துணைநிற்க, யாம் இங்கே பாடப் புகுவது, செவிச்செல்வத்தில் இணையற்றவரும், சூளைக்காவலரும், ஊறுகாய் ஜாடிகளின் குலதெய்வமும், விரல்முட்டியால் உண்மையை வரவழைக்கும் வித்தகருமாகிய பழமலைநாதனார் என்னும் பெருவீரர், அவரைக்காய்க் குலத்தில் பிறந்து அழகால் உலகை மயக்கும் ஒரு செடியோடு பொருத வரலாறு. செடிதானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் அந்தச் செடியைப் பார்த்ததில்லை.

வீரர் என்றால் மார்பையும் தோளையும் பாடுவது மரபு. எம் தலைவரின் மார்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோளில் ஒரு துண்டு கிடக்கும். அவருடைய வீரமெல்லாம் இரண்டு காதுகளில் குடியிருந்தது. சூளையில் வெந்து வெளிவந்த ஜாடியை இடக்கையில் ஏந்தி, வலக்கை நடுவிரலை மடக்கி, முட்டியால் அதன் இடுப்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். கிண் என்று ஒலித்தால் ஜாடி பிழைத்தது. டொக் என்று கம்மினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று அதன் உடம்பில் எங்கோ ஓடுகிறது என்று பொருள். உடனே அது செகண்ட்ஸ் எனப்படும் இடப்பக்கக் குவியலுக்குப் போய்விடும், மேல்முறையீடு கிடையாது. இருபத்தாறு ஆண்டுகளாக அந்த முட்டியைத் தாண்டி ஒரு விரிசல் ஜாடி உலகத்துக்குள் நுழைந்ததில்லை. ஸ்ரீமுஷ்ணத்து வீடுகளில் நாரத்தங்காயையும், வேப்பூர் நெடுஞ்சாலை ஓட்டல்களில் எலுமிச்சையையும், எண்ணெய் ஒரு சொட்டுக் கசியாமல் தாங்கி நிற்கும் ஜாடிகளில் எத்தனையோ அவர் செவியால் ஆசீர்வதிக்கப்பட்டவை. இதை அவரே சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

தட்டிப் பார்த்து அறிவது சிறியோர் வித்தை. தட்டாமலே அறிவது எம் தலைவரின் வித்தை. தீ அணைந்த பிறகு சூளை ஒன்றரை நாள் மூடியபடியே ஆற வேண்டும். அந்த ஒன்றரை நாளில்தான் ஜாடிகளுக்குக் கண்டம். வெளிக்காற்று பொசுக்கென்று உள்ளே புகுந்தாலும், ஜாடிகளை அடுக்கியிருக்கும் தட்டு பிளந்தாலும், உள்ளே ஏதாவது ஒன்று உயிரை விடும். விடும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகப் பழமலைநாதனார் சூளைக் கதவுக்கு நாலடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்களை மூடி, காதுகளைத் திறந்து அமர்ந்திருப்பார். அதைத் தூக்கம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் யாரும் சூளைக்காரர்கள் அல்லர்.

பழைய முதலாளி இருந்தவரை அந்த நாற்காலிக்கு மதிப்பு இருந்தது. அவர் கண்மூடிய பின், பீங்கான் தொழில் படித்துத் தேறிய அவருடைய மகள் மதிவதனி பொறுப்புக்கு வந்தாள். நல்ல பெண், மேஸ்திரியான எம் தலைவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் வந்த மாதமே சூளையின் நெற்றியில் ஒரு மீட்டரைப் பொருத்திவிட்டாள். உள்ளே எத்தனை டிகிரி என்று அது சிவப்பு எழுத்தில் காட்டும். நூறுக்குக் கீழே இறங்கும் வரை கதவைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். காதுள்ள சூளைக்கு எதற்கு நெற்றிக்கண் என்று எம் தலைவர் உள்ளுக்குள் குமைந்தார். வெளியே சொன்னது, "நல்லாத்தான் இருக்குது பாப்பா, கரண்ட் போனா என்னா பண்ணும்?" என்பது மட்டுமே.

இனி எதிரியைப் பாடுவோம். சூளைக் கொட்டகைக்கு மேற்கே, உடைந்த பீங்கான் குவியலின் ஓரத்தில், தகரக் கூரையைத் தொட்டுக்கொண்டு அது நின்றது. மயில்கொன்றை என்பது அதன் பெயர். தண்டெங்கும் முள். ஒரு காம்பிலிருந்து இரு பக்கமும் சிறகுகள் பிரிய, அச்சிறகு ஒவ்வொன்றிலிருந்தும் மறுபடி இரு பக்கமும் சிற்றிலைகள் பிரிய, இப்படி ஆயிரமாயிரம் சிற்றிலைகள் பகலெல்லாம் அணிவகுத்து நின்று, பொழுது சாய்ந்ததும் சொல்லிவைத்தாற்போல் இணை இணையாக மடிந்து உறங்கும். ஷிப்டு முடிந்து போகும் கூட்டத்துக்குக்கூட அந்த ஒழுங்கு கிடையாது. கிளை நுனிதோறும் கோபுரமாய் ஒரு பூங்கொத்து. அது அடியிலிருந்து உச்சிக்கு ஒவ்வொன்றாகத்தான் மலரும்; கீழே விரிந்த பூ, நடுவே பருத்த மொக்கு, மேலே கடுகு மொக்கு, எல்லாம் ஒரே நேரத்தில். பூவுக்குத் தீயின் நிறம், ஓரத்தில் மஞ்சள் சரிகை. நடுவிலிருந்து சிவந்த கேசரங்கள் பத்து, இதழ்களையெல்லாம் தாண்டி, வேல் நீட்டியதுபோல் வளைந்து நீண்டிருக்கும். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஜாடிகளுக்குப் பூ வரையும் பெரியம்மாள் பெண்ணாடத்து நாத்தனார் வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த விதை ஒன்று, கேட்பாரில்லாமல் இப்படி ஒரு சேனையாக வளர்ந்து நின்றது.

அதனோடு எம் தலைவருக்கு ஒரு பழம்பகை உண்டு. போன தை மாதம் பெரியம்மாள் புதிதாக ஒரு பூவை ஜாடியில் வரைந்தாள். செம்மஞ்சள் பூ, வெள்ளை ஜாடி, பார்க்கக் கண் நிறைந்திருந்தது. பழமலைநாதனார் முதல் ஜாடியைத் தட்டினார், கிண் என்றது. திருப்பிப் பார்த்தார், முகம் சுருங்கியது. நாலு இதழ்கள் அகலமாக, அலையலையாக, குறையில்லாமல் இருக்க, ஐந்தாவது இதழ் மட்டும் சிறுத்து, அடியில் குழாய்போல் சுருண்டு, நோஞ்சானாக நின்றது. அடுத்த ஜாடியும் அப்படியே. நாற்பது ஜாடிகளும் அப்படியே. நாற்பதையும் இடப்பக்கம் தள்ளிவிட்டு, ஐந்தில் ஒன்று குறைபட்டாலும் குறைபட்டதே என்னும் பேருண்மையை நிலமும் வானும் கேட்க அவர் முழங்கினார்.

"ஏம்மா பெரியம்மா, நாலு எதழு ஒழுங்கா போட்டுட்ட. அஞ்சாவதுக்கு கலரு தீந்துபோச்சா?"

"பூவே அப்பிடித்தாங்க இருக்குது மேஸ்திரி. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். கையில் ஜாடியோடு செடியடியில் நின்று, ஒரு பூவை இழுத்து எண்ணினார். நாலு பெரிது, ஒன்று சிறிது. அடுத்த பூவை இழுத்தார். அங்கும் அப்படியே. முட்டியால் தட்டிப் பார்க்க முடியாத ஒரே குறையினால் கண்ணாலேயே ஐம்பது பூக்களைச் சோதித்து முடித்தபோது, ஐம்பதிலும் ஐந்தாவது இதழ் குட்டையாகவே இருந்தது. ஒரு மரபே ஒழுங்கீனமாகப் பிறந்திருப்பதைக் கண்ட அதிர்ச்சியில் அவர் வழங்கிய தீர்ப்பு கொட்டகை முழுக்கப் பரவி, இன்றளவும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. "அப்ப செடியே செகண்ட்ஸு" என்றார்.

மதிவதனி வந்து பார்த்தாள். நாற்பது ஜாடிகளையும் வலப்பக்கம் தள்ளினாள். அவை போன கடைகளிலிருந்து இதே பூவைப் போட்டு இன்னும் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அன்றுமுதல் பழமலைநாதனார் அந்தச் செடிப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. செடி அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அப்படியிருக்க, அக்கினி நட்சத்திரம் பிறந்தது. தகரக்கூரை வெயிலில் முறுகிய ஒரு நண்பகலில், சூளை ஆறிக்கொண்டிருக்க, நாற்காலியில் தவத்தில் இருந்த எம் தலைவரின் செவியில் ஒரு சத்தம் விழுந்தது. டப். சுருக்கமான, உலர்ந்த, இரக்கமற்ற சத்தம். எழுந்தார். ஒரு கையை உயர்த்தினார். கொட்டகையில் அச்சுக் கழுவியவர், மண் பிசைந்தவர், பெரியம்மாள் உட்பட அனைவரும் உறைந்தனர். மறுபடி, டப். தட்டு பிளக்கிறது, அடுக்கு சரியப்போகிறது, இருநூறு ஜாடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சுக்குநூறாகப் போகின்றன என்று அவர் அறிவித்தார். மதிவதனி ஓடிவந்தாள். மீட்டரைப் பார்த்தாள், அது எதுவும் நடவாததுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கதவைத் திறந்தார்கள். தட்டுகள் முழுதாக இருந்தன. ஜாடிகள் இருநூறும் கிண் கிண் என்று ஒலித்து அவரைக் கேலி செய்தன.

அடுத்த சூளையிலும் அதே நண்பகல், அதே டப், அதே அறிவிப்பு, அதே கிண் கிண். இம்முறை யாரும் உறையவில்லை. சூளை ஏற்றி இறக்கும் தர்மராஜ் மட்டும் நிமிர்ந்து பார்த்தான், அதுவும் எம் தலைவரின் வாய் அசைந்ததைக் கண்டுதான். ஏனென்றால் அவன் காதுகளில் எந்நேரமும் பாட்டுக் கேட்கும் குமிழ்கள் சொருகியிருக்கும்.

மாலையில் மதிவதனி அவரைத் தனியாக அழைத்துத் தணிந்த குரலில் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேஸ்திரி. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா நீங்க பேக்கிங் பாத்துக்குங்க. சூளைய தர்மராஜ் பாக்கட்டும்."

பேக்கிங் என்பது கொட்டகையின் கடைசி அறை. அங்கே ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். வைக்கோலின் சரசரப்பைத் தவிர அங்கே கேட்பதற்கு எதுவும் கிடையாது. இருபத்தாறு ஆண்டு ஆண்ட நாற்காலி, காதில் அடைப்பான் போட்ட ஒருவனுக்குப் போகப் போகிறது.  காது போய்விட்டதோ என்கிற பயம் அன்றிரவு எம் தலைவருக்கு உண்மையாகவே வந்துவிட்டது. அந்தப் பயத்தில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அடுக்களைக்குள் போய் எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"வூட்ல எதுக்குங்க இதெல்லாம் தட்டிகினு கெடக்குறீங்க? ஒண்ணும் ஒடையாது, அது எவர்சில்வரு" என்றார் அவர் மனைவி விருத்தாம்பாள்.

மூன்றாம் நாள் உண்மை வெளிப்பட்டது. அது வெளிப்பட்ட இடம் ஒரு டீ கிளாஸ். நிழல் தேடிக் கொட்டகையின் மேற்குச் சுவரோரம் குந்தி, வேறு வழியில்லாமல் மயில்கொன்றையின் அடியில் பழமலைநாதனார் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் டப் என்றது. அதே கணம் கிளாசுக்குள் ஏதோ விழுந்து டீ மூக்கில் தெறித்தது. விரலை விட்டு எடுத்தார். தட்டையான பழுப்பு விதை. நிமிர்ந்தார். பூ உதிர்ந்த காம்புகளிலெல்லாம் அவரைக்காய் சாயலில் தட்டைக் காய்கள் கருகிக் காய்ந்து தொங்கின. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காய் முறுக்கிக்கொண்டது. முதுகும் வயிறும் பிளந்து, டப் என்று இரண்டு சுருளாகத் தெறித்து, உள்ளே இருந்த விதைகளை நாலாபுறமும் வீசியது. அதில் இரண்டு தகரக்கூரையில் விழுந்து உருண்டன. விதையைத் தூரத்துக்கு அனுப்ப அந்தக் குலம் கண்டுபிடித்த வழி அது. இந்த ஆண்டு செடி கூரையைத் தொட்டதும் அது அவர் பிழைப்பில் வந்து விழுந்தது.

எம் தலைவரின் கண்ணில் நீர் வந்தது. அது டீயினால் மட்டும் வந்ததல்ல. காது போகவில்லை. காது இருந்ததனால்தான் சுவருக்கு அப்பால் வெடித்த காய்கூடக் கேட்டிருக்கிறது. இந்த நிம்மதி ஒரு மிடறு டீ குடிக்கும் நேரம் நீடித்தது. அடுத்த மிடற்றில் அது சினமாக மாறியது.

அரிவாளேந்தி அவர் புறப்பட்ட காட்சியை எவ்வாறு பாடுவோம். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் முண்டாசாகத் துண்டு, மண்மூட்டைக் கயிறு அறுக்கும் அரிவாள் வலக்கையில் ஒளிர, உடைந்த பீங்கான்கள் காலடியில் நறநறவென்று நொறுங்க, குட்டை இதழாலும் வெடிகாயாலும் இருமுறை தம் பெயரைக் கெடுத்த பகையை அடியோடு சாய்ப்பேன் என்று வஞ்சினம் உரைத்து அவர் முதற்கிளையைப் பற்றினார். முள் ஏறியது. கையை மாற்றினார். மாற்றின கையிலும் ஏறியது. மூன்றாம் முறை பற்றுவதற்குள் பெரியம்மாள் தூரிகையோடு ஓடிவந்து செடிக்கும் அரிவாளுக்கும் நடுவே நின்றாள். அவள் தூரிகையிலிருந்து சொட்டிய செம்மஞ்சள் நிறம் எம் தலைவரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. போரில் சிந்திய துளி இதுவும் முள் எடுத்த இரண்டு சொட்டு இரத்தமுமே.

"மேஸ்திரி, செடிய தொட்டீங்கன்னா நான் வேலைய உட்டுட்டு போயிடுவேன். பாத்துதான் வரையறேன். இதப் பாக்காம எனக்கு கை ஓடாது."

"ஒன் செடி என் சோத்துல மண்ணள்ளிப் போடுது, தெரியுமா ஒனக்கு?"

"காய்தானே வெடிக்குது? காய பறிச்சிக்குங்க. பூவுக்கும் கெளைக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது."

இவ்வாறாக உடன்படிக்கை ஏற்பட்டது. பூவும் தழையும் பெரியம்மாள் ஆட்சிக்கு. காய்கள் பழமலைநாதனாரின் தண்டனைக்கு. எந்நாட்டு வேந்தரும் இவ்வளவு தெளிவாக எல்லை பிரித்ததில்லை.

அந்த வாரத்துச் சூளையில் ஏறியவை இருநூற்றுப் பத்து ஜாடிகள், அத்தனையும் மயில்கொன்றைப் பூ வரைந்தவை. திங்கட்கிழமை மாலை தீ அணைந்தது. செவ்வாய்க்கிழமை, சூளை ஆறும் நாள். மதிவதனி வேலையாக நெய்வேலி போயிருந்தாள்; நண்பகலில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். காலை ஏழு மணிக்கே எம் தலைவர் ஏணி சார்த்தினார். கருகிய காய், பழுத்த காய், பச்சைக் காய் என்று பாகுபாடு காட்டவில்லை. உச்சிக்கிளை வரை எட்டி, முள்ளில் சட்டை கிழிய, கேசரங்களின் மகரந்தம் மீசையில் படிய, ஒரு காம்பு விடாமல் பறித்தார். கீழே நின்ற பெரியம்மாள் ஒரு பூ உதிரும்போதெல்லாம் எச்சரித்தாள். ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. செடியில் ஒரு காய்கூட இல்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், இல்லை.

சிறைபிடித்த காய்களைக் குப்பையில் கொட்டியிருந்தால் இந்தக் காவியம் இங்கே முடிந்திருக்கும். ஆனால் எம் தலைவர் நியாயம் தேடுபவர். தம் காதில் பிழையில்லை என்பதற்கு இந்தக் காய்களே சாட்சி. மதிவதனி வந்ததும் ஒன்றை வெடிக்கவைத்தே காட்ட வேண்டும். ஆகவே ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அவற்றைத் திணித்து மூடினார். மூடியதை எங்கே வைப்பது? சூளைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறும் சூளையின் மேல்விளிம்பில் சாப்பாட்டுத் தூக்குகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். மதியம் வரை சோறு சூடு குறையாது. எந்த விலைமதிப்புள்ள பொருளும் அங்கேதான் வைக்கப்படும். இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகவே உயர்ந்து, தம் தூக்குக்கும் பெரியம்மாளின் தூக்குக்கும் நடுவே அந்த டின்னை வைத்தது. வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடினார். பல வாரங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூடினார்.

பன்னிரண்டேகால் மணிக்கு மதிவதனி வந்து இறங்கினாள். எம் தலைவர் எழுந்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். காய் வெடிக்கும் கதையைச் சொல்லி, காயில்லாத செடியைக் காட்டி, மேலே இருக்கும் சாட்சியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த அதே நொடியில், சூளையின் பக்கம், டப்.

பழமலைநாதனார் கல்லானார். மறுபடி, டப். தகர டின்னுக்குள் வெடித்தது சூளையின் வயிற்றில் வெடித்தாற்போல் ஆழமாகக் கேட்டது. மூன்று, நான்கு, அடுத்தடுத்து ஆறு. சாட்சி, டின், தூக்கு எல்லாம் அவர் நினைவிலிருந்து அற்றுப்போயின. செடியில் காயில்லை, தம் கையால் பறித்தவர் தாமே. ஆகவே இது சூளைதான். தட்டுதான்.

"பாப்பா, செடியில ஒரு காய் இல்ல, நீயே பாத்த. தட்டு ஒடையுது. கதவ ரெண்டு விரக்கடை தெறந்து டார்ச்சு அடிச்சி பாத்துடலாம்."

"இருநூத்து முப்பதுல நிக்குது மேஸ்திரி. இப்ப காத்து பூந்துச்சின்னா நல்லா இருக்குறதும் போயிடும். தொடாதீங்க. சொல்லிட்டேன்."

அவள் கைபேசி ஒலித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள். கொட்டகையில் எல்லாரும் கை கழுவப் போயிருந்தார்கள். சூளையும் எம் தலைவரும் தனித்து நின்றனர். டப் டப் என்று அழிவின் முரசு முழங்க, மீட்டர் சிவந்து விழிக்க, இருநூற்றுப் பத்து ஜாடிகளின் ஓலம் தமக்கு மட்டும் கேட்க, முதலாளியின் ஆணை பெரிதா செவியின் ஆணை பெரிதா என்னும் பேரறப் போராட்டம் அவர் நெஞ்சில் ஏறத்தாழ ஐந்து நொடி நடந்தது. கையுறை மாட்டினார். கதவின் பிடியைத் திருப்பினார். இரண்டு விரற்கடை திறந்தார்.

காற்று உள்ளே போனது. அது போகும் ஓசையையும் அவர் கேட்டார். அதைத் தொடர்ந்து, இதுவரை கேட்ட டப்புகளில் எதற்கும் உறவில்லாத, மெல்லிய, நீண்ட, வெள்ளிக்கம்பி அறுந்தாற்போன்ற ஓர் ஒலி: டிங்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அறைந்து சார்த்தினார். அதுதான் சத்தம். இருபத்தாறு ஆண்டுகளாக அவர் காத்திருந்து கேட்ட சத்தம் அதுதான். மற்றதெல்லாம் அதன் நிழல்கூட இல்லை. அந்த டப்பை எப்படி இதோடு குழப்பிக்கொண்டோம் என்று அவர் திகைத்து நிற்கையில், தலைக்கு மேலே டப் என்று டின்னின் மூடி எகிறியது. பழுப்பு விதைகள் அவர் முண்டாசிலும் தோளிலும் பூமாரியாகப் பொழிந்தன. ஒன்று பெரியம்மாளின் தூக்கு மூடிமேல் விழுந்து சுழன்று நின்றது.

இப்போது எம் தலைவரின் உண்மையான போர் தொடங்கியது. அவர் திறந்ததை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால், நாளை ஒரு ஜாடி விரிசலோடு வரும். சூளையில் ஒன்றிரண்டு போவது வழக்கம். யாரும் கேட்க மாட்டார்கள். நாற்காலி நிலைக்கும். ஆனால், மூடிய சூளைக்குள் இருநூற்றுப் பத்தில் எது போனது, எந்தத் தட்டில், எந்தப் பக்கம் என்று ஒரே ஒலியில் அறிந்த செயலை உலகம் அறியாமலே போய்விடும். சொல்லாவிட்டால் நாற்காலி பிழைக்கும், காதின் பெயர் போகும். சொன்னால் காதின் பெயர் நிற்கும், நாற்காலி போகும். கைபேசியை அணைத்துக்கொண்டு மதிவதனி உள்ளே வந்தபோது, விதைகள் சிந்திய தலையோடு அவர் நிமிர்ந்து நின்றார்.

"பாப்பா. கதவ நான் தெறந்துட்டேன். வெடிச்சது டின்னுல இருந்த காயி, தட்டு இல்ல. ஆனா தெறந்ததுல ஒண்ணு போயிடுச்சி. ஒண்ணே ஒண்ணு. மூணாந்தட்டு, எடது பக்கம், கதவோரம் ரெண்டாவது ஜாடி. கழுத்துலேந்து எறங்கியிருக்குது. நாளைக்கு பாரு."

மதிவதனி கையை நீட்டி அவருடைய கையுறைகளை வாங்கிக்கொண்டாள். அவளுடைய கோபம் எப்போதும் அப்படித்தான் வரும். கை கழுவிவிட்டு வந்த பெரியம்மாள் தன் தூக்கை எடுத்து விதைகளைத் தட்டிவிட்டு, உள்ளே ஏதும் விழுந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியபோது கதவு முறைப்படி திறந்தது. கொட்டகை முழுதும் கூடியிருந்தது. தர்மராஜ்கூடக் காதிலிருந்த குமிழ்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தான். ஜாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றையும் எம் தலைவர் தட்டினார். முதல் தட்டு ஜாடிகள் அத்தனையும், கிண். இரண்டாம் தட்டு, கிண். மூன்றாம் தட்டில் இடப்பக்கத்து முதல் ஜாடி, கிண். இரண்டாவதை மதிவதனி தானே எடுத்தாள், தானே தன் விரலை மடக்கித் தட்டினாள்.

டொக்.

வெளிச்சத்தில் திருப்பினாள். மயிரிழை போன்ற ஒரு கோடு கழுத்திலிருந்து இறங்கி, பெரியம்மாள் வரைந்த பூவின் நாலு பெரிய இதழ்களை விட்டு விலகி, சிறுத்த ஐந்தாவது இதழின் ஓரமாக வந்து நின்றிருந்தது. மிச்சம் இருநூற்று ஒன்பதும் கிண். யாரோ கைதட்டினார்கள். பழமலைநாதனாரின் மார்பு, முன்பு பாட எதுவுமில்லை என்றோமே அந்த மார்பு, அப்போது சற்று விரிந்தது.

மதிவதனி அந்த ஜாடியைப் பெரியம்மாளிடம் தூரிகை போட்டுவைக்கக் கொடுத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பதா திட்டுவதா என்று முடிவு செய்யாத முகம் அவளுக்கு.

"காது நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. அதுல ஒண்ணும் கொறையில்ல. நீங்க நாற்காலியிலயே இருங்க. அந்தக் கைய என்னா பண்றதுன்னுதான் தெரியல."

செவியால் சூளையை வென்றவரும், ஏணியேறிக் காய்க்குலத்தைச் சிறைபிடித்தவரும், தாம் செய்த பிழையைத் தம் வாயாலேயே முழங்கித் தம் புகழை மீட்டவருமாகிய பழமலைநாதனார், முண்டாசு மடிப்பில் இன்னும் ஒட்டியிருந்த ஒரு விதையோடு, வெற்றியும் தோல்வியும் ஒன்றெனக் கலந்த பெருமிதத்தில், மேற்கே மயில்கொன்றை பத்துப் பத்துக் கேசரங்களாகப் பூத்துக் குலுங்க, தம் பிளாஸ்டிக் அரியணையில் மீண்டும் அமர்ந்து கண்களை மூடினார். மறுநாள் சூளைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்கள். சாவி பெரியம்மாளிடம் இருக்கிறது.